தாடையில் முளைக்கும் முடிக்கு யார் பொறுப்பு? சினைப்பைக்குள் நடக்கும் ‘ஜாப் ஒர்க்’ கதை!

காங்கேயம் மாட்டுக் கன்றைப் பிறந்த புதிதில் பார்த்திருக்கிறீர்களா? செவலையாக இருக்கும். சில மாதங்களிலேயே அந்தச் செம்மை வெளுத்து, மயிலை நிறத்துக்கு வந்துவிடும். கன்று வளர்ந்து காளையானால் திமில், கழுத்து, தொடைப் பகுதியெல்லாம் கறுத்துக் கம்பீரமாக நிற்கும். காயடித்த வண்டி எருதுகளோ சாம்பல் நிறத்திலேயே இருக்கும். பசுக்களுக்கும் அந்தக் கறுப்பு ஏறாது.

இத்தனைக்கும் எல்லாம் ஒரே இனம். மரபணுக்களும் ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம், ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனின் அளவில் இருக்கிறது. ஒரு ஹார்மோன் கூடினால் தோலும் முடியும் எப்படி மாறும் என்பதைக் கொங்கு நாட்டு விவசாயிகள் பல தலைமுறைகளாகக் கண்ணால் பார்த்து வருகிறார்கள்.

அதே டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலிலும் தினமும் உற்பத்தியாகிறது என்றால் பலருக்கு ஆச்சர்யமாக இருக்கும். சினைப்பையிலும் அட்ரினல் சுரப்பியிலும் அது இயல்பாகவே உருவாகிறது. அளவோடு இருக்கும்வரை வெளியே தெரியாது. அளவு கூடும்போதுதான் தாடையில் முரட்டு முடி, முகத்தில் ஓயாத பரு, முன்தலையில் முடி உதிர்வு, மாதக்கணக்கில் தள்ளிப்போகும் பீரியட்ஸ் என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன.

அந்த இடத்தில்தான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது. “மூணு மாசமாத் தூரமே வரலைங்க, என்னத்தத் தின்னு தொலைக்கிறாளோ!” என்பார் அம்மா. “நம்ம வீட்டுப் பக்கம் யாருக்குமே இப்படி இல்ல கண்ணு” என்பார் அப்பத்தா. வரன் பார்க்கும் நேரமென்றால் பேச்சு இன்னும் தணிந்த குரலில், இன்னும் கூர்மையாக நடக்கும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள், காலையில் கம்பெனி வேன் ஏறி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பும் பெண்ணாக இருக்கலாம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்ணாகவும் இருக்கலாம்.

உண்மையில் அவள் உடலுக்குள் என்ன நடக்கிறது? கடந்த 90 ஆண்டுகளாக மருத்துவர்களும், கடந்த 30 ஆண்டுகளாக மரபணு ஆய்வாளர்களும் துருவித் துருவித் தேடி, இதற்கு ஓரளவு தெளிவான பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பனியன் தொழில் தெரிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது ரொம்பவே சுலபம்.

*கச்சாப் பொருள் கொலஸ்ட்ரால்!*

ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. நூல் ஓரிடத்திலிருந்து வரும். நிட்டிங் இன்னோரிடம், டையிங் வேறோரிடம். அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு யூனிட்டும் தன் வேலையை முடித்து அடுத்த யூனிட்டுக்கு அனுப்பும். சினைப்பையில் ஹார்மோன் தயாராவதும் இதே மாதிரியான ஜாப் ஒர்க்தான்.

இங்கே நூல், கொலஸ்ட்ரால். ஆமாம், ‘கொழுப்பு கூடிவிட்டது’ என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் பயப்படும் அதே கொலஸ்ட்ரால்தான். நம் உடலின் எல்லா ஸ்டீராய்டு ஹார்மோன்களும் இந்த ஒரே சரக்கிலிருந்துதான் வருகின்றன.

வேலை முழுக்கவும் கட்டிங் வேலைதான். கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள் உண்டு. அதிலிருந்து 6 கார்பனை வெட்டி எடுத்தால் 21 கார்பன் கொண்ட பிரக்னெனலோன் கிடைக்கும். அதில் சின்னத் திருத்தம் செய்தால் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன். இன்னும் 2 கார்பனை வெட்டினால் 19 கார்பன் கொண்ட ஆண்ட்ரோஜன் குடும்பம். டெஸ்டோஸ்டிரோன் அதில் ஒன்று. கடைசியாக இன்னும் ஒரு கார்பனை எடுத்தால் 18 கார்பன் கொண்ட ஈஸ்ட்ரோஜன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘பெண் ஹார்மோன்’ என்று நாம் சொல்லும் ஈஸ்ட்ரோஜன், ‘ஆண் ஹார்மோன்’ என்று சொல்லும் ஆண்ட்ரோஜனிலிருந்துதான் செய்யப்படுகிறது. ஆண்ட்ரோஜன் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. எனவே, ஒரு பெண்ணின் உடலில் ஆண் ஹார்மோன் இருப்பது கோளாறே அல்ல. சரக்கு எங்கே தேங்கி நிற்கிறது என்பதுதான் கேள்வி.

*இரண்டு யூனிட், இரண்டு ஆர்டர்*

சினைப்பைக்குள் ஒவ்வொரு கருமுட்டையும் ஒரு சின்னப் பைக்குள் வளர்கிறது. அந்தப் பையின் வெளிச்சுவரில் இருப்பவை தீக்கா செல்கள். உள்ளே கருமுட்டையைச் சூழ்ந்து இருப்பவை கிரானுலோசா செல்கள். தீக்கா செல்கள் கொலஸ்ட்ராலை வெட்டி ஆண்ட்ரோஜன் வரை செய்து, பக்கத்திலுள்ள கிரானுலோசா செல்களுக்கு அனுப்பும். கிரானுலோசா செல்கள் அதை ஈஸ்ட்ரோஜனாக முடித்துக் கொடுக்கும். முதல் யூனிட்டிடம் கடைசி மெஷின் இல்லை. இரண்டாவது யூனிட்டிடம் நடுவிலுள்ள மெஷின் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் சரக்கு முடியும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெங்க்ட் ஃபால்க், எலியின் சினைப்பையை வைத்து 1959-லேயே இந்தக் கூட்டு வேலையைக் காட்டினார்.

ஆர்டர் வருவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. தீக்கா செல்களுக்கு வரும் ஆர்டரின் பெயர் எல்.ஹெச். கிரானுலோசா செல்களுக்கு வருவது எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் சரியான விகிதத்தில் வந்தால் ஒரு பை முழுதாக வளர்ந்து, கருமுட்டை வெளியேறி, மாதாமாதம் பீரியட்ஸ் ஒழுங்காக வரும். எல்.ஹெச் ஆர்டர் மட்டும் குவிந்தால், முதல் யூனிட் ஆண்ட்ரோஜனைச் செய்து தள்ளும். இரண்டாவது யூனிட்டால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. சரக்கு தேங்கும், மிச்சம் ரத்தத்தில் கலக்கும்.

*பேட்டர்ன் அட்டைதான் மரபணு*

கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டும் முன் பேட்டர்ன் அட்டையை எடுத்து வைப்பார். அதுபோல, கொலஸ்ட்ராலை வெட்டும் ஒவ்வொரு என்சைமையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற பேட்டர்ன்தான் மரபணு. எல்லா செல்லிலும் எல்லா பேட்டர்ன்களும் இருக்கின்றன. ஆனால், எந்த செல் எந்த அட்டையை வெளியே எடுக்கிறது, எத்தனை முறை எடுக்கிறது என்பதில்தான் சூட்சுமம்.

‘ஸ்டார்’ என்ற மரபணு, கொலஸ்ட்ராலை செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றி விடும் புரதத்தைச் செய்கிறது. இந்த லோடுமேன் வராவிட்டால் உள்ளே எந்த வேலையும் நடக்காது. அமெரிக்காவின் டெக்சாஸில் 1994-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே, இந்த மரபணு பழுதான குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கொலஸ்ட்ரால் செல்லிலேயே குவிந்து, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கிடைக்காமல், சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும் அரிய நோய் அது.

உள்ளே போன கொலஸ்ட்ராலை முதலில் வெட்டுவது ‘சிப்-11ஏ1’. ஆண்ட்ரோஜனாக வெட்டுவது ‘சிப்-17ஏ1’. இது தீக்கா செல்களின் மெஷின். ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக முடிப்பது ‘சிப்-19ஏ1’, வழக்கமான பெயர் அரோமடேஸ். இது கிரானுலோசா செல்களின் மெஷின்.

அரோமடேஸ் இல்லாவிட்டால் என்னாகும்? ஜப்பானில் ஒரு கர்ப்பிணிக்கு அந்த அனுபவம் நேர்ந்தது. 1991-ல் மருத்துவ உலகுக்கு அது தெரியவந்தது. வயிற்றிலிருந்த குழந்தையின் நஞ்சுக்கொடியில் அரோமடேஸ் வேலை செய்யவில்லை. ஆண்ட்ரோஜன் ஈஸ்ட்ரோஜனாக மாறாமல் தாயின் ரத்தத்தில் கலந்தது. கர்ப்ப காலத்தில் அந்தத் தாயின் உடலில் ஆண்தன்மை அறிகுறிகள் தோன்றின. பிரசவத்துக்குப் பிறகு அவை தணிந்தன. ஒரே ஒரு மரபணு, அதுவும் வயிற்றுப் பிள்ளையின் மரபணு, தாயின் உடலையே அப்படி மாற்றிவிட்டது. இதில் அந்தத் தாய் செய்த தவறு என்று எதையாவது சொல்ல முடியுமா?

இந்த மெஷின்களுக்கெல்லாம் மேலே சூப்பர்வைசர் மரபணுக்களும் உண்டு. ‘எஸ்.எஃப்-1’ என்பது ஹார்மோன் செய்யும் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் ‘ஆன்’ செய்யும் சூப்பர்வைசர். ‘ஃபாக்ஸ்-எல்2’ என்பது கிரானுலோசா செல்லை கிரானுலோசாவாகவே வைத்திருக்கும் காவல்காரர். 2009-ல் ஜெர்மனி, பிரிட்டன் ஆய்வாளர்கள் வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் இந்த ஒரு மரபணுவை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். சினைப்பை செல்கள் விந்தகத்தில் இருக்கும் செல்களைப்போல மாறி, ஆண் எலி அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன் செய்ய ஆரம்பித்தன. சினைப்பை தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதே வாழ்நாள் முழுக்க இந்த மரபணுக்கள் ஓயாமல் விழித்திருப்பதால்தான்.

*வெளியே எடுத்தாலும் மறக்காத செல்கள்*

இனி, நம் வீட்டுப் பெண்களின் விஷயத்துக்கு வருவோம். 1935-ல் சிகாகோவின் ஸ்டெய்ன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள், பீரியட்ஸ் வராத ஏழு பெண்களின் சினைப்பைகள் பெரிதாகி, சின்னச் சின்னப் பைகளால் நிறைந்திருப்பதை எழுதி வைத்தார்கள். அதைத்தான் பிறகு பி.சி.ஓ.எஸ் என்று அழைத்தார்கள். நம் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்கிறோம். உண்மையில் அவை கட்டிகளே அல்ல. பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அறுத்து எடுக்கவேண்டிய எதுவும் அங்கே இல்லை.

பிரச்னை எங்கிருந்து ஆரம்பிக்கிறது? மூளையின் ஆர்டரிலா, சினைப்பையிலா? இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்க ஆய்வாளர் ஜேன் மெக்காலிஸ்டர் குழுவினர் பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களின் தீக்கா செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். அங்கே மூளையும் இல்லை, பிட்யூட்டரியும் இல்லை, அந்தப் பெண் சாப்பிடும் சாப்பாடும் இல்லை. செல்கள் பல தலைமுறை பெருகிய பிறகும், மற்ற பெண்களின் செல்களைவிட அதிகமாக ஆண்ட்ரோஜன் செய்துகொண்டே இருந்தன. அந்தப் பழக்கம் செல்லுக்குள்ளேயே பதிந்திருந்தது.

2011-ல் சீன ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பெண்களின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டு, பி.சி.ஓ.எஸ்ஸுடன் தொடர்புடைய மூன்று இடங்களைக் கண்டறிந்தார்கள். அவற்றில் ஒன்று எல்.ஹெச் ஆர்டரை வாங்கும் ஏற்பிக்கான மரபணு இருக்கும் இடம். இன்னொன்றில் இருந்தது ‘டென்ட்-1ஏ’ என்ற மரபணு. அதுவரை அதற்கும் சினைப்பைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

2014-ல் மெக்காலிஸ்டர் குழு அந்த முடிச்சை அவிழ்த்தது. டென்ட்-1ஏ மரபணுவிலிருந்து ஒரு நீளப் புரதமும் ஒரு குட்டைப் புரதமும் உருவாகின்றன. பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களின் தீக்கா செல்களில் குட்டை வகை அதிகமாக இருந்தது. ஆரோக்கியமான பெண்ணின் செல்லில் அந்தக் குட்டை வகையைக் கூட்டினால் சிப்-11ஏ1, சிப்-17ஏ1 இரண்டும் வேகமெடுத்து ஆண்ட்ரோஜன் கூடியது. பி.சி.ஓ.எஸ் செல்லில் அதைக் குறைத்தால் ஆண்ட்ரோஜனும் குறைந்தது. ரேடியோவின் வால்யூம் குமிழைத் திருப்பிப் பார்த்த மாதிரி!

இதற்காக ‘இந்த ஒரு மரபணுதான் காரணம்’ என்று முடிவுகட்டிவிட முடியாது. இன்னும் பல மரபணு மாறுபாடுகள் இதில் பங்கெடுக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். 2006-ல் நெதர்லாந்தில் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு, பி.சி.ஓ.எஸ் வருவதில் சுமார் 70 சதவிகிதப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று கணக்கிட்டது. இந்த மாறுபாடுகள் அம்மா வழியாகவும் வரலாம், அப்பா வழியாகவும் வரலாம். ஆணுக்குச் சினைப்பை இல்லாததால் அவரிடம் வெளியே தெரியாமல் இருந்து, மகளிடம் தெரியலாம். ‘நம்ம வீட்டுப் பக்கம் யாருக்கும் இல்லை’ என்று சொல்லும் அப்பத்தாக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

*பரம்பரைதான், ஆனால் தலைவிதி இல்லை*

மரபணு காரணம் என்றால் நாம் செய்ய ஒன்றுமில்லையா? இருக்கிறது. மரபணுக்கள் தானாக ஓடுவதில்லை. ஆர்டர் பார்த்து ஓடுகின்றன. எல்.ஹெச்சைப் போலவே தீக்கா செல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் இன்னொரு ஹார்மோன், இன்சுலின்.

சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லும் இன்சுலினின் குரல் சிலரின் தசைகளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் சத்தமாகக் கத்துகிறது. ரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. தசைக்குக் கேட்காத அந்தச் சத்தம் சினைப்பைக்கு நன்றாகவே கேட்கிறது. தீக்கா செல்லில் ஆண்ட்ரோஜன் உற்பத்தி ஏறுகிறது. அதே நேரம், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துச் செய்கிறது. சரக்கும் அதிகம், பிடிப்பும் குறைவு. முகத்தில் முடி முளைக்க இது போதாதா?

இந்தியர்களுக்கு ஒல்லியான உடம்பிலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது சகஜம். அதனால்தான், ‘குண்டா இருக்கறவங்களுக்குத்தான் இது வரும்’ என்ற பேச்சு நம் ஊரில் பல பெண்களை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது. ஒல்லியான பெண்ணுக்கும் பி.சி.ஓ.எஸ் வரும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில், நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. இப்போது பரவலாகப் பயன்படும் அளவுகோலின்படி 19.6 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு பி.சி.ஓ.எஸ் இருந்தது. மிகவும் கண்டிப்பான பழைய அளவுகோலில் பார்த்தாலும் 7.2 சதவிகிதம். ஒரு தையல் லைனில் 30 பெண்கள் உட்கார்ந்திருந்தால், இந்தக் கணக்குப்படி அதில் ஐந்தாறு பேருக்கு இருக்கலாம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

*மெஷினை நிறுத்தும் மருந்துகள்*

எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் கிடைத்த பலன்தான் லெட்ரோசோல். அரோமடேஸைத் தடுக்கும் மருந்து இது. மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது. அரோமடேஸை ஐந்து நாள்கள் மட்டும் தடுத்தால் ஈஸ்ட்ரோஜன் இறங்கும். ‘சரக்கு வரவில்லையே’ என்று பிட்யூட்டரி எஃப்.எஸ்.ஹெச் ஆர்டரைக் கூட்டி அனுப்பும். நின்றுபோன கருமுட்டைப் பை ஒன்று வளர ஆரம்பிக்கும்.

குழந்தையின்மை சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்த இந்திய அரசு 2011 அக்டோபரில் தடை விதித்தது. 2014-ல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு, பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 சதவிகிதம் பேருக்கும், லெட்ரோசோலில் 27.5 சதவிகிதம் பேருக்கும் குழந்தை பிறந்ததைக் காட்டியது. இங்கே தடை 2017-ல் விலக்கப்பட்டது. பி.சி.ஓ.எஸ் காரணமாகக் கருமுட்டை வெளியேறாதவர்களுக்கு இன்று உலக வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

2024-ல் சீனாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்டிமிசினின் வகை மருந்து, சினைப்பையில் சிப்-11ஏ1 புரதத்தைச் சிதைத்து ஆண்ட்ரோஜனைக் குறைக்கிறது என்று கண்டார்கள். 19 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்ததில் 12 பேருக்கு பீரியட்ஸ் ஒழுங்கானது. மிகச் சின்ன ஆய்வு இது. பெரிய ஆய்வுகளில் தேறும்வரை இதை யாரும் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது.

*எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?*

வயதுக்கு வந்த முதல் வருடம் பீரியட்ஸ் முன்னே பின்னே வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடங்களில் இடைவெளி 45 நாள்களைத் தாண்டினால் காட்டுங்கள். மூன்று வருடங்களுக்குப் பிறகு 35 நாள்களைத் தாண்டினாலோ, வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ காட்டுங்கள். முதல் வருடம் கழிந்த பிறகு எந்த வயதிலும் 90 நாள்கள் வராமல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலும் பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் வராவிட்டால் என்ன, தொல்லை விட்டது என்று சிலர் இருந்துவிடுவார்கள். அது தப்பு. கருப்பையின் உள்சுவர் வெளியேறாமல் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பு கூடும். சர்க்கரை நோய் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம் என்பதால் ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகளும் தேவைப்படும். பீரியட்ஸ் தள்ளிப்போக அவையும் காரணமாகலாம். குரல் திடீரெனக் கட்டையாகி, சில மாதங்களில் முடி வேகமாக வளர்ந்தால் உடனே போய்விடுங்கள். அபூர்வமாக, ஹார்மோன் சுரக்கும் கட்டி காரணமாக இருக்கலாம்.

பள்ளி வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனில் ‘நிறைய நீர்க்கட்டி’ என்று வந்தால் பதற வேண்டாம். அந்த வயதில் சினைப்பை அப்படித்தான் இருக்கும். வளரிளம் பருவத்தில் ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ் என்று முடிவுசெய்யக் கூடாது என்கிறது 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல்.

காங்கேயம் அரசு மருத்துவமனையிலோ, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரைப் பார்க்கலாம். கம்பெனியில் இ.எஸ்.ஐ பிடிக்கிறார்கள் என்றால் அந்த அட்டையைப் பயன்படுத்துங்கள். அது உங்கள் சம்பளத்திலிருந்து போகும் பணம். போகும்போது, கடைசி ஆறு பீரியட்ஸ் தேதிகளை போனில் குறித்து எடுத்துப் போங்கள். எந்த ஸ்கேனையும்விட டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

*பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம்!*

சிவன்மலைத் தேர் வருகிறது, வீட்டில் விசேஷம் இருக்கிறது என்றால் பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்குவது நம் பக்கத்தில் சாதாரணம். அதில் இருப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன்; புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை ஸ்டீராய்டு ஹார்மோன். டாக்டர் சொல்லி எப்போதோ ஒருமுறை எடுப்பது வேறு. ரத்தம் உறையும் பிரச்னை, கல்லீரல் கோளாறு இருக்கிறதா என்று யாரும் கேட்காமலே அடிக்கடி வாங்கி விழுங்குவது வேறு. ஏற்கெனவே பீரியட்ஸ் ஒழுங்கில்லாத பெண்ணுக்கு, உண்மையான காரணம் இன்னும் தாமதமாகத் தெரியவரும்.

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலைசெய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். பீரியட்ஸ் வலிக்கு, வேலை இடத்தில் பெயரே இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். அவை ஹார்மோன் அல்ல, வலி மாத்திரைகள். ஆனாலும் பாடம் ஒன்றுதான். உங்கள் கைக்கு வரும் எந்த மாத்திரைக்கும் அட்டையைக் கேளுங்கள், பெயரைப் படியுங்கள், எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

*வீட்டில் என்ன மாற்றலாம்?*

எடை கூடுதலாக இருப்பவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பலருக்கு பீரியட்ஸ் சீராகிறது. இன்சுலின் சத்தம் இறங்குவதே காரணம். வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகமான நடை என்பது பெரியவர்களுக்கான இலக்கு. வளரும் பெண்களுக்கு தினமும் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். நாள் முழுக்க பவர் டேபிளில் உட்காரும் பெண்ணுக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். சாப்பாட்டு இடைவேளையில் 10 நிமிடம், வேன் வரும் வரை 10 நிமிடம் நடந்தாலும் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

இந்த டயட்தான் சிறந்தது என்று எதையும் வழிகாட்டுதல்கள் சொல்லவில்லை. டீக்கடை பன்னும் இரவு பரோட்டாவும் குறைந்து, நம் ஊர்க் கொள்ளும் பச்சைப்பயறும் கம்பும் கீரையும் தட்டில் கூடினால் நல்லது. ஒல்லியான பெண்கள் பட்டினி கிடக்கக் கூடாது; பட்டினியும் பீரியட்ஸை நிறுத்தும். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை, இன்சுலின் பிரச்னைக்கு மெட்ஃபார்மின், முகத்து முடிக்கு லேசர் என்று ஒவ்வொருவரின் தேவைக்கும் தனித்தனி வழிகள் உண்டு. மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம் என்பதால், அதைப் பற்றியும் டாக்டர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சில் இதை மறைப்பதா, சொல்வதா என்று பெற்றோர் தவிப்பது புரிகிறது. பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள்; சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகலாம், சிலருக்கு மருந்தின் உதவி வேண்டியிருக்கலாம். குழந்தை தாமதமானால் ஆணுக்கும் பரிசோதனை தேவை என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுவது நல்லது.

எந்த பேட்டர்ன் அட்டையோடு பிறப்பது என்பதை எந்தப் பெண்ணும் தேர்ந்தெடுப்பதில்லை. தீக்கா செல்லில் ஒரு குட்டைப் புரதம் கூடுதலாக இருந்ததற்காக, அவள் அம்மாவிடமும் அத்தையிடமும் மாப்பிள்ளை வீட்டிடமும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெண் அடுத்த முறை கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தடவிப் பார்த்தால், “எப்பக் கண்ணு கடைசியா வந்துச்சு? வா, டாக்டரப் பார்த்துட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். அப்பாவும் கூடப் போகலாம்; பாதி மரபணு அவர் கொடுத்ததுதானே!